பயனாளிகள் என்ற சொல்லும் ஹோஷங்காபாத் தந்த பாடமும்

அண்மையில் ஒரு கிராமத்தில் அமையவிருக்கும் அறிவியல் கல்வி மையத்திற்கான திட்ட வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். கட்டட வரைபடம், தொலைநோக்கி, காட்சிக்கூடம், செலவுக் கணக்கு என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஊர் மக்கள் மட்டும் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், 'பயனாளிகள்' என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிகளில் வந்து போனார்கள். என் கருத்தை எழுத உட்கார்ந்தபோது, மத்தியப் பிரதேசத்தில் முப்பது ஆண்டுகள் நடந்து முடிந்த ஒரு முயற்சியின் வரலாறே முதலில் நினைவுக்கு வந்தது. அதைப் பலரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன்.

நர்மதை ஆற்றங்கரையில் உள்ள ஹோஷங்காபாத் மாவட்டம் இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. 1972ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், மாநில அரசின் இசைவோடு, ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. அதைத் தொடங்கியவை இரண்டு தன்னார்வ நிறுவனங்கள். ஒன்று, மூலக்கூறு உயிரியலாளர் அனில் சத்கோபால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனப் பணியைத் துறந்து வந்து பங்கேடி வட்டாரத்தில் நிறுவிய கிஷோர் பாரதி. மற்றொன்று, ரசூலியாவில் குவேக்கர் அன்பர்கள் நடத்திவந்த நண்பர்கள் ஊரக மையம். சென்னையில் ஆசிரியப் பணியாற்றியவரும் கோத்தகிரியில் வாழ்ந்தவருமான மார்ஜரி சைக்ஸ் தங்கிப் பணியாற்றிய இடம் என்பதால், ரசூலியா தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றுக்கும் முற்றிலும் அயலானதன்று.

அக்காலத்து ஊர்ப்புறப் பள்ளிகளில் அறிவியல் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடமாகவே இருந்தது. ஆய்வுக்கூடம் இல்லை, கருவிகள் இருந்த இடங்களிலும் அவை பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. இந்தக் குழுவினர் எழுப்பிய கேள்வி எளியது: வசதியற்ற அரசுப் பள்ளியில், அங்கு இருக்கும் ஆசிரியரைக் கொண்டே, சோதனை செய்து பார்த்து அறிவியல் கற்க இயலுமா? தனியாக ஒரு முன்மாதிரிப் பள்ளியை எழுப்பியிருந்தால் பார்வையாளர்கள் வியந்திருப்பார்கள். ஆயினும் சாதாரண அரசுப் பள்ளியிலேயே அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் விடுமுறை நாட்களில் வந்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள்.

இப்படி உருவான பாடநூலின் பெயர் 'பால் வைக்யானிக்'. குழந்தை அறிவியலாளர் என்று பொருள். அந்நூலில் விடைகள் கிடையா. என்ன செய்ய வேண்டும் என்பதும், செய்தபின் எழும் கேள்விகளும் மட்டுமே உண்டு. நால்வர் நால்வராகக் குழந்தைகள் சோதனை செய்வார்கள். கண்டதைத் தம் சொற்களில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு வகுப்பு முழுவதும் விவாதிக்கும். மண்ணையும் பயிர்களையும் ஆராய ஊரைச் சுற்றி நடந்தார்கள். ஈயின் வாழ்க்கைச் சுழற்சியை அறிய அதன் புழுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க உலோக ஊசி வேண்டியிருந்தபோது, குழந்தைகள் வேலியிலிருந்து கருவேல முள்ளை ஒடித்து வந்தார்கள் என்பது அத்திட்டத்தோடு தொடர்புடையோர் இன்றும் விரும்பிச் சொல்லும் செய்தி. 1978இல் அங்கு வந்து சேர்ந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, மிதிவண்டியின் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை அங்கேதான் கண்டார்.

தேர்வு முறையும் மாறியது. புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்தே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறைப் பயிற்சிகளும் மாதந்தோறும் கூட்டங்களும் நடந்தன. வகுப்பறையில் பலிக்காத சோதனை எது, குழந்தைக்குப் புரியாத வாக்கியம் எது என்பதை அக்கூட்டங்களில் ஆசிரியர்கள் எடுத்துரைத்தார்கள். அதன்படி நூல் திருத்தப்பட்டது. நேற்றுவரை விடை தெரிந்தவராக மட்டுமே நின்ற ஆசிரியர், 'எனக்குத் தெரியவில்லை, செய்து பார்ப்போம்' என்று சொல்லப் பழகினார். 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் கடிதம் எழுதினால் அதற்குப் பதில் வரும். நாம் அறைகூவல் என்ற பொருளில் வழங்கும் 'சவால்' இந்தியில் கேள்வியைக் குறிக்கும்.

1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றி அதை ஏற்று நடத்தியது. வேறு பல மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2002இல் மாநில அரசின் ஆணையால் அது நிறுத்தப்பட்டது.

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அந்த முடிவு வந்த வழிதான். திட்டத்தை நிறுத்தும்படி பரிந்துரைத்தது ஹோஷங்காபாத்தின் மாவட்டத் திட்டக் குழு. அதிகாரத்தை மக்களுக்கு நெருக்கமாகக் கொண்டுசெல்வதற்காக 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் இடம்பெற்ற அமைப்பு அது. இம்முறையில் பயின்ற குழந்தைகள் மேல்வகுப்புத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் நாடெங்கிலுமிருந்து கண்டித்து எழுதினார்கள். அரசியல் நோக்கங்கள் இதில் கலந்திருந்தன என்ற விமர்சனத்தையும் நான் புறக்கணிக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. முப்பது ஆண்டுகள் தங்கள் ஊர்களில் வேரூன்றியிருந்த ஒன்றை, மக்கள் தமது உடைமையாகக் கருதித் தடுத்து நின்றிருக்க வேண்டாமா?

என் கணிப்பு இது. திட்டம் ஆசிரியரோடு கூடித் தீட்டப்பட்டது. குழந்தையின் அனுபவத்திலிருந்து திருத்தப்பட்டது. பெற்றோர் அந்த உரையாடலில் அதே அளவுக்கு இடம்பெறவில்லை. மகன் பத்தாம் வகுப்பில் தேறுவானா என்பதுதான் ஓர் உழவர் குடும்பத்தின் கேள்வி. நகரத்துக் குழந்தைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும். தம் பிள்ளைக்குக் கிடைக்காது என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. 'அறிவியல் மனப்பான்மை' என்ற விடை உண்மையானதே. ஆனால் அந்த அச்சத்துக்கு அது மட்டும் போதவில்லை.

மகாராஷ்டிரத்தில் புணே அருகே உள்ள பாபல் வேறொரு வழியைக் காட்டுகிறது. இந்துஸ்தான் லீவரில் ஆராய்ச்சியாளராக இருந்த எஸ். எஸ். கல்பாக், 1983இல் வறட்சிக்கு உள்ளாகும் அந்த ஊரில் விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பற்றவைப்பு, மின்பணி, மண் பரிசோதனை போன்றவற்றை மாணவர் செய்து கற்பதும், அப்பணிகள் ஊருக்குச் சேவையாகச் சென்று சேர்வதும் அங்கே கல்வியின் பகுதி. மகள் கற்றது என்ன என்பதை அவளது குடும்பம் தன் கண்ணாலேயே காண முடிந்தது. ஹோஷங்காபாத்தின் கேள்வி கேட்கும் துணிவு பாபலின் நோக்கமன்று. பாபலின் அன்றாடப் பயன் ஹோஷங்காபாத்தில் முதன்மை பெறவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

எனவே, எனக்கு வந்த வரைவுக்கு மூன்று குறிப்புகள் மட்டும் எழுதி அனுப்பினேன். கட்டடத்துக்கு முன் ஓராண்டு அந்த ஊர்ப் பள்ளியின் திண்ணையிலேயே நடத்திப் பாருங்கள். அங்குள்ள ஆசிரியரைத் திட்டக்குழுவில் அமர்த்துங்கள். தேர்வைப் பற்றிப் பெற்றோர் கேட்பதற்கு, அவர்களுக்கு விளங்கும் விடையை முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். இல்லையேல், விடை இன்னும் இல்லை என்பதையாவது சொல்லுங்கள்.

'பயனாளிகள்' என்ற தலைப்பை நீக்கிவிடும்படியும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஊர்ப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதினால், அதையும் அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.