புரதத்தின் மடிப்பும் சென்னை நால்வரும்

நம்மில் பலருடைய பெயருக்கு முன்னால் ஓர் ஊரின் முதலெழுத்து நிற்கிறது. பிழைப்பை நாடி எத்தனை காதம் கடந்து வந்தாலும் அவ்வெழுத்து நம்மை விட்டு நீங்குவதில்லை. கோபாலசமுத்திரம் என்னும் பெயரைத் தம் முதலெழுத்தில் தாங்கி, 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். தந்தையார் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி புரிந்து, கேம்பிரிட்ஜ் சென்று மீண்ட இவர், 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார். அப்போது வயது முப்பதை ஒட்டியிருந்தது.

பௌதிகப் பேராசிரியரை இரசாயனக் கணக்கில் சேர்ப்பது முறையா என வாசகர் வினவலாம். மூலக்கூறு ஒன்றில் அணுக்கள் எங்கே அமரக்கூடும், எங்கே அமரவே இயலாது என்பதைக் கணக்கினால் வரையறுத்தது இவரது தலையாய பணி. அதைக் கோட்பாட்டு இரசாயனம் என்றழைக்க எனக்குத் தயக்கமில்லை.

சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் ஆதாரமான கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று எடுத்துரைத்தார். அச்சொல் இராமச்சந்திரன் மனத்தில் தைத்தது. அண்மையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது; மாதிரிகளுக்குக் குறைவில்லை. கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞரைத் துணைக்கொண்டு எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தார். கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். அஃது ஏன்? மூன்று இழைகள் நெருங்கிச் சேர்ந்தால், நடுவில் வேறெதற்கும் இடமிராது! 1954-ல் 'நேச்சர்' இதழில் மூவிழை அமைப்பு வெளியாயிற்று. இழைகள் ஒன்றையொன்று கயிறுபோல் முறுக்கிக் கொள்கின்றன என்ற திருத்தம் 1955-ல் வந்தது.

அவ்வாண்டே வந்தது எதிர்ப்பும். பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகிய இருவரும், மூவிழைக் கயிற்றை ஏற்றுக்கொண்டபோதிலும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். மும்மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புக்கள் என்றது சென்னை. ஒன்றே என்றனர் அவர்கள். கிரிக்கோ, அப்பொழுதே உலகறிந்தவர். நமது பேராசிரியர் அடங்கிவிடவுமில்லை. பூசலிட்டுக் காலம் கழிக்கவுமில்லை. 'மிக நெருக்கம்' என்பதற்கு எல்லை எது என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காண வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர் உடன் நின்றனர். அதுவரை வெளியான படிக அமைப்புக்களையெல்லாம் துருவி, பிணைப்பில்லாத இரு அணுக்கள் எவ்வளவு அணுகக்கூடும் என்று பட்டியலிட்டனர். இரு கார்பன் அணுக்களுக்கு 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப் போனால் 3.0. இனிப் புரதச் சங்கிலியைச் சிறு தட்டையான தகடுகளின் வரிசையாகக் கொள்வோம். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கார்பன் அணு; அதன் இருபுறமும், கீலில் கதவு திரும்புவதுபோல, தகடுகள் திரும்பலாம். ஆக, ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே கோணங்கள். ஒவ்வொரு கோணச் சேர்க்கையிலும் எந்த அணு எதன்மீது முட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். கணிப்பொறி வசதியில்லாத அந்நாளில், மேசைக் கணக்கியந்திரத்தைக் கொண்டு இதனைச் செய்து முடித்த பொறுமையை என்னென்பது!

விடை ஒரு சதுரப் படமாக வந்தது. அதன் பெரும்பகுதி வெறுமை. சில தீவுகளிலேதான் புரதம் வாழ முடியும். பாலிங் கண்ட ஆல்பா சுருளும், நீட்டிய தாள் அமைப்பும், கொலாஜனும் அத்தீவுகளுக்குள்ளேயே அடங்கின. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் நிலப்பரப்பு அதிகம். 1963-ல் மூவர் பெயரோடும் வெளியான இக்கட்டுரை ஐந்தே பக்கங்கள். முழு விளக்கம் 1968-ல் சசிசேகரனுடன் எழுதிய நூற்றைம்பது பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரையில் உள்ளது. இன்றும் உலகப் புரதத் தரவுக் களஞ்சியத்தில் சேரும் அமைப்புக்கள் 'இராமச்சந்திரன் படம்' கொண்டே சரிபார்க்கப்படுகின்றன. படம் ஒருவர் பெயரைத் தாங்கியதில் மற்றிருவர் சற்று மறைந்துபோயினர் என்பது என் குறை.

வழக்கின் முடிவையும் சொல்லவேண்டும். 1968-ல் இராமச்சந்திரனே, இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூற்றின் வழியாக அமையலாம் என்று எழுதினார். 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிக அமைப்பு வெளியானபோது, நேர்ப் பிணைப்பு ஒன்றே எனத் தெரிந்தது. அவ்வகையில் கிரிக் தரப்பே வென்றது. நீர் வழியாக அமைந்த பிணைப்புக்களும் அங்கே காணப்பட்டன.

1971-ல் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ்-கதிர் நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்கும் கணக்கு முறையை இராமச்சந்திரன் வெளியிட்டார், மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேனுக்கு உதவிய வழி அது. அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் அங்கும் உடன் பணியாற்றினர். கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகரம் சென்று, 1967-ல் ரிபோநியூக்ளியேசு என்னும் புரதத்தின் அமைப்பை வெளியிட்ட குழுவில் முதற்பெயராய் நின்றார். நோபெல் பரிசு இராமச்சந்திரனை அடையவில்லை; படிகவியலார் வழங்கும் எவால்ட் பரிசு 1999-ல் வந்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.