தோற்பதற்கும் முதல் வேண்டும்: வேலூரின் மூன்று தேர்தல்களும் கமுதியின் கேள்வியும்

கமுதி வட்டாரம் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும், அதன்வழி இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கும் உட்பட்டது. இராமநாதபுரம் பொதுத் தொகுதி. தென்மாவட்டங்களில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மக்களவைத் தொகுதி தென்காசி ஒன்றே.

பொதுத் தொகுதியில் தலித் ஒருவர் போட்டியிடச் சட்டத் தடை ஏதுமில்லை. வைப்புத்தொகையான 25,000 ரூபாயில் பாதியை, அதாவது 12,500 ரூபாயைச் செலுத்தினால் போதும். ஆயினும் பொதுத் தொகுதிகளைப் பெரிய கட்சிகள் தலித் வேட்பாளருக்கு வழங்குவது அரிது. அத்தொகுதிகள் எத்தகையோருக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன என்பதற்கு வேலூர் ஒரு சான்று.

புதிய நீதிக் கட்சியின் நிறுவனர் ஏ.சி. சண்முகம், சென்னையில் எம்.ஜி.ஆர். பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நிறுவிய கல்வித் தொழில்முனைவர். 1984இல் அ.தி.மு.க. சார்பில் வேலூரில் வென்றவர். 2014இல் தாமரைச் சின்னத்தில் நின்று, அ.தி.மு.க.வின் பா. செங்குட்டுவனிடம் 59,393 வாக்குகளில் தோற்றார். 2019 ஏப்ரலில் நடைபெறவிருந்த தேர்தல், பெருந்தொகை ரொக்கம் கைப்பற்றப்பட்டதை அடுத்து இரத்தானது. ஆகஸ்ட் 5 அன்று நடந்த தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற அவர், தி.மு.க.வின் கதிர் ஆனந்திடம் 8,141 வாக்குகளில் வெற்றியை இழந்தார். 2024இல் மீண்டும் தாமரை, மீண்டும் கதிர் ஆனந்த், வித்தியாசம் 2,15,702.

மூன்று முறையும் வைப்புத்தொகை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றவர் அதனை இழப்பதில்லை. ஆனால், தோல்வியின் உண்மையான விலை வைப்புத்தொகையன்று, பரப்புரைச் செலவே. வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பு 2014, 2019 தேர்தல்களில் 70 இலட்சம். 2024இல் 95 இலட்சம். மூன்றையும் கூட்டினால் 2 கோடியே 35 இலட்சம். கட்சிகள் செய்யும் பொதுப் பரப்புரைச் செலவுக்கோ வரம்பே இல்லை. இதே மூன்று தேர்தல்களிலும் தலித் வேட்பாளர் ஒருவருக்கு வைப்புத்தொகையில் சட்டம் தரும் சலுகை 37,500 ரூபாய் மட்டுமே.

சண்முகம் மூன்று முறை நின்றதில் நாம் குறை காணவில்லை. அது அவர் உரிமை. இரு பெரிய கட்சிகள் ஒருவருக்கே மாறி மாறிச் சின்னம் வழங்கியதுதான் நம் கவனத்துக்குரியது. சொந்த முதல் உள்ளவர் தோற்றாலும் அடுத்த தேர்தலில் வேட்பாளராகவே கருதப்படுகிறார். முதலற்றவருக்கு முதல் தோல்வியே இறுதித் தோல்வியாகிவிடுகிறது. முதல் இல்லாமைக்கு நிலமின்மையும் தலைமுறைகளாகத் தொழில் மறுக்கப்பட்டதும் காரணங்களாகும்போது, செலவே சாதித் தடையின் மறுவடிவமாகிறது.

தேர்தலுக்கு அரசு பகுதி அளவில் பொருளாக உதவலாம் என 1998இல் இந்திரஜித் குப்தா குழு பரிந்துரைத்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளோடு நின்ற அப்பரிந்துரை போதாது. பட்டியல் சாதி வேட்பாளர்களுக்குப் பரப்புரைச் செலவிலும் அரசு துணைநிற்க வேண்டும் என்கிறோம். அதுவரை, கமுதியின் சேரியிலிருந்து ஒருவர் 12,500 ரூபாயுடன் வேட்புமனு அளிக்கலாம். களத்தில் நிலைக்க இயலாது.