மதுவும் ஹார்மோன்களும் மனநலமும்

மதுவில் போதை தரும் பொருளான எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. குடித்த சில நிமிடங்களில் இரத்தத்தின் வழியே மூளையை எட்டிவிடும். தமிழ்நாட்டில் விற்கும் 180 மில்லி ‘குவார்ட்டர்’ பாட்டிலில், 42.8 விழுக்காடு என்ற கணக்கில், ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஆகவே இரவு பத்து மணிக்குக் குடித்தது விடியும்வரை உடம்பில் கிடக்கிறது.

முதலில் அடங்குவது வாசோபிரசின். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து, நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் இது. இது குறைவதால்தான் குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார், காலையில் நாக்கு வறண்டு எழுகிறார். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இதற்கு நேர்மாறாகக் கூடுகிறது. குடியை நிறுத்தும்போதும் அது உயரும். நெடுநாள் குடிப்பவர்களில் சிலருக்கு முகம் உப்பி, வயிறு பெருத்து, கார்டிசால் மிகையால் வரும் குஷிங் நோய் போலவே தோற்றம் வருவதுண்டு. குடியை விட்டால் அது தணியும்.

குடி ஆண்மையைக் கூட்டும் என்ற பேச்சில் உண்மை இல்லை. விதைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்களையும், அவற்றைத் தூண்டும் பிட்யூட்டரியையும் மது ஒருசேரத் தாக்குகிறது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஓங்கி மார்பு பெருக்கிறது, விதைகள் சிறுக்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் தவறும். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது.

உடனே உயிர் பறிக்கக்கூடியது சர்க்கரைக் குறைவு. எத்தனாலை எரிக்கும் வேளையில், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் வேலை கல்லீரலில் முடங்குகிறது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் வியர்த்து, உளறி, மயங்கி விழுவார். வாயில் மது வாடை அடிப்பதால், போதை தெளிந்தால் எழுந்துவிடுவார் என்று வீட்டார் போர்த்திப் படுக்கவைக்கிறார்கள். அங்கே உடனே பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையை.

மனநலத்துக்கு வருவோம். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. விழிப்பில் வைக்கும் குளுட்டமேட்டை அடக்குகிறது. தினமும் குடித்தால் மூளை இதற்கு ஈடுகட்டி, தன் விழிப்பை முடுக்கிக்கொள்கிறது. மது இறங்கியதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும்: படபடப்பு, தூக்கமின்மை, காரணமற்ற பயம், டம்ளரைப் பிடிக்க முடியாத கைநடுக்கம். “ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது” என்பவர் பொய் சொல்லவில்லை. மனப்பதற்றத்துக்கு மருந்தென்று குடிப்பவர், மறுநாளைக்கான பதற்றத்தைத்தான் குடிக்கிறார்.

இந்த நடுக்கத்தை மனவுறுதிக் குறைவு என்று திட்டுவது தவறு, ஆபத்தும்கூட. அளவுக்கு மீறிக் குடித்துவந்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற குழப்பநிலை வரலாம். அப்போது நோயாளி இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து பொறுக்குவார், மனைவியைக்கூட அடையாளம் தெரியாமல் மிரள்வார். மருத்துவமனையில் சேர்த்து உரிய மருந்து கொடுத்தால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மனச்சோர்வு குடிக்குக் காரணமாகவும் இருக்கும், விளைவாகவும் இருக்கும். குடியால் வந்த சோர்வு, விட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் விலகும். அதன் பிறகும் நீடித்தால் தனி நோயாகக் கருதிச் சிகிச்சை தருவார்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் மட்டும் அந்த வாரங்களுக்குக் காத்திருக்கக் கூடாது.

சோறு குறைந்து குடி மிகுந்தவர்களுக்கு வைட்டமின் பி1 வற்றுகிறது. அதனால் கண் அசைவு பிறழ்ந்து, நடை தள்ளாடி, மனம் குழம்பும் நிலையை 1881இல் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். அவசர சிகிச்சையில் குளுக்கோஸோடு, முடிந்தால் அதற்கும் முன்பே, பி1 ஊசி போடுவது இதற்காகத்தான். தவறவிட்டால் நினைவைச் சிதைக்கும் கோர்சகாஃப் நோய் நிலைத்துவிடலாம். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், வார்டைவிட்டு நகராத அந்த நோயாளி, சந்தைக்குப் போனதையும் வெண்டைக்காய் வாங்கியதையும் விலையோடு சொல்வார். நினைவு விட்ட இடத்தை மூளை தானாக நிரப்புகிறது. அவருக்கு அது நடந்ததுதான்.