குடற்சுவரில் உப்பு அயனிக் கடத்தல்

சோடியம், குளோரைடு, பொட்டாசியம், பைகார்பனேட் ஆகிய அயனிகள் குடலின் உட்பரப்புச் செல்களின் சவ்வுகளைக் கடந்து, குடலின் உள்வெளியிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து உள்வெளிக்கும் செல்வதே குடற்சுவரின் உப்பு அயனிக் கடத்தல். நீரைத் தனியே இழுக்கும் உந்தி எதுவும் குடலில் இல்லை. உப்பு போகும் பக்கமே சவ்வூடு பரவலால் நீரும் போகிறது. வயிற்றுப்போக்கில் உடல் வறள்வதற்கும் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். உயிர் காப்பதற்கும் அடிப்படை இதுதான்.

நாளொன்றின் நீர்க்கணக்கு

வயது வந்தவரின் குடலுக்கு ஒரு நாளில் 8 முதல் 9 லிட்டர் நீர்மம் வந்து சேர்கிறது. உண்பதும் குடிப்பதும் அதில் சுமார் 2 லிட்டரே. மற்றவை உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர். சிறுகுடல் பெரும்பகுதியையும் பெருங்குடல் எஞ்சியதையும் மீட்டுக்கொள்கின்றன. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர்தான்.

உறிஞ்சும் வழிகள்

குடலின் உட்பரப்பில் செல்கள் ஒற்றை அடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வொரு செல்லுக்கும் உள்வெளியைப் பார்த்த நுனிச்சவ்வு, இரத்த நாளங்களைப் பார்த்த அடிச்சவ்வு என இரு முகங்கள் உண்டு. அடிச்சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் உந்தி, ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறைவை நிரப்ப, நுனிச்சவ்வின் வழியே சோடியம் உள்ளே பாய்கிறது. அதற்கு முக்கியமான வழிகள் மூன்று:

1. எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் 2 சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே கொண்டுவருகிறது.
2. என்எச்இ3 புரதம் ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு சோடியத்தை எடுக்கிறது. இதனுடன் இணைந்து இயங்கும் மற்றொரு புரதம் பைகார்பனேட்டை விட்டு குளோரைடை எடுக்கிறது. உணவு இல்லாத வேளையில் உப்பு பெரிதும் இவ்வழியே உறிஞ்சப்படுகிறது.
3. பெருங்குடலின் கடைப்பகுதியில் சோடியத்துக்கென்றே தனிக் கால்வாய்கள் உள்ளன. உடலில் உப்பு குறையும்போது ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் இவற்றின் வேலையைக் கூட்டுகிறது.

சுரக்கும் வழி

உட்பரப்பில் விரல்போல் நீண்ட குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளின் செல்கள் உப்பைச் சுரக்கின்றன. அவற்றின் அடிச்சவ்வில் உள்ள கடத்தி ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், 2 குளோரைடு அயனிகளை ஒன்றாக உள்ளே எடுக்கிறது. சேர்ந்த குளோரைடு, நுனிச்சவ்வில் உள்ள சிஎஃப்டிஆர் கால்வாய் வழியே குடலுக்குள் வெளியேற, சோடியம் செல்களின் இடைவெளி வழியே பின்தொடர்கிறது. நீரும் உடன் செல்கிறது. இயல்பான அளவில் இந்தச் சுரப்பு உணவுக்கூழ் வழுக்கிச் செல்ல உதவுகிறது.

காலராவில் நேர்வது

காலரா நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைப் பெருக்குகிறது. சிஎஃப்டிஆர் கால்வாய் மூடாமல் திறந்தே கிடக்க, என்எச்இ3 வழி முடங்குகிறது. அரிசி களைந்த தண்ணீர் போன்ற மலம் கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்த எஸ்ஜிஎல்டி1 வழி சேதமின்றி இயங்குகிறது. வெறும் உப்புநீர் குடித்துப் பயனில்லாதபோதும் சர்க்கரை கலந்த உப்புநீர் பலன் தருவது இதனால்தான்.

இந்திய ஆய்வுகள்

காலரா கிருமி வெளிவிடும் நச்சே குடலில் நீரைச் சுரக்கவைக்கிறது என்பதைக் கொல்கத்தாவின் சம்பு நாத் டே 1959-இல் மெய்ப்பித்தார். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் தங்கிய பொங்காவ் முகாமில் சிரைவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். அங்கே 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இதன் அடுத்த படியைத் தமிழகம் எடுத்துவைத்தது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நுண்ணுயிரிகளால் நொதித்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. அவை அங்கே சோடியம் உறிஞ்சப்படுவதைத் தூண்டுகின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் இதைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் சுமார் 91 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மாவுச்சத்து சேர்த்தபோது சுமார் 57 மணி நேரத்தில் நின்றது.

இன்றைய கரைசலும் வீட்டு மருந்தும்

2002 முதல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் உள்ளன. சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்ற சம அளவில் அமைகின்றன.

திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரம் உட்படத் தமிழகமெங்கும் பேதி கண்டவருக்கு உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் கொடுப்பார்கள். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து, கலந்த உப்பின் சோடியத்தை எஸ்ஜிஎல்டி1 வழியே அழைத்துச் செல்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைக்கு வரும்வரை இது நல்ல துணை. பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து, கண் குழிவிழுந்து, சிறுநீர் கழிக்காமல் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.