எண்ணும் இணைப்பும்

வீட்டுத் தொலைபேசியையோ இணைய இணைப்பையோ ஒரு கம்பனியிடமிருந்து நீக்கி மற்றொரு கம்பனியிடம் பெறுவதா, வேண்டாமா என்ற ஆலோசனை இக்காலத்துக் குடும்பங்கள் பலவற்றில் நடைபெறுவதாகும். மாதக் கட்டணம் எவ்வளவு, எவருடைய கோபுரம் வீட்டுக்கு அண்மையில் இருக்கிறது, இணையத்தின் வேகம் எத்தகையது என்பன முதலிற் பேசப்படும். ஈற்றில் வீட்டின் மூத்தவர் ஒருவர், "எண் மாறிவிடுமே, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடமும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுத்திருப்பது இந்த எண் அல்லவா?" என்று கேட்பார். பெரும்பாலும் அக்கேள்வியோடு ஆலோசனை முடிந்துவிடும். விலையைக் குறித்து எழுந்த பேச்சு விலையினால் முடிவுறுவதில்லை. இவ்வாறாவது ஏன் என்பதை அறிய விரும்புவோர் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது.

அலெக்சாந்தர் கிரகம் பெல் தமது தொலைபேசிக்குரிய ஆக்கவுரிமையை 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆந் திகதி பெற்றார். 1878ஆம் ஆண்டு ஜனவரியில் நியூ ஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களுடன், பொதுமக்களுக்கான இணைப்பகம் திறக்கப்பட்டது. அந்நாளிலே தொலைபேசி எண் என ஒன்று இருந்ததில்லை. பேச விரும்பியவர் தாம் யாரோடு பேச வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்பார். இணைப்பகத்தில் இருந்தவர் அதற்குரிய கம்பியைப் பொருத்திக் கொடுப்பார். 1879ஆம் ஆண்டில் லோவெல் என்னும் ஊரிலே சின்னமுத்து நோய் பரவியது. பெயர்களையெல்லாம் மனத்தில் வைத்திருந்த இணைப்பாளர்கள் ஒருங்கே நோயுற்றால் ஊரின் தொலைபேசி முழுவதும் முடங்கிவிடுமே என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியர் அஞ்சினார் என்றும், புதியவர் ஒருவரும் எளிதில் இயக்கும்படி சந்தாதாரருக்கு எண்களை இடுமாறு ஆலோசனை கூறினார் என்றும் சொல்லுவர். தம்மை வெறும் எண்ணாக்குவது அவமதிப்பு என்று சந்தாதாரர்கள் சினந்துகொள்வார்களோ என்று கம்பனியார் தயங்கினராம். பிற்காலத்தில் அதே எண்ணைக் கைவிட மனமின்றி மக்கள் துயருறுவர் என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

இணைப்பகத்திலே இருப்பவரின் தயவில் வாழ்வதை விரும்பாத ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். கன்சாஸ் நகரில் ஈமக்கிரியைக்குரிய ஒழுங்குகளைச் செய்யும் தொழிலை நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் அவர். தம்மைத் தேடி வந்த அழைப்புகளை இணைப்பாளர் தமது போட்டியாளருக்குத் திருப்பிவிட்டார் என்று அவர் ஐயுற்றதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், மனிதர் இடையிலே நில்லாமல் இயங்கும் இணைப்புப் பொறிக்கு அவர் 1891இல் ஆக்கவுரிமை பெற்றார் என்பதும், அத்தகைய முதலாவது தானியங்கி இணைப்பகம் 1892ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்னும் ஊரில் திறக்கப்பட்டது என்பதும் மறுக்கவொண்ணாத செய்திகள்.

1893இலும் 1894இலும் பெல்லின் முக்கியமான ஆக்கவுரிமைகள் காலாவதியாயின. அதுவரை அடைபட்டிருந்த மடை திறந்தது போலச் சுயேச்சைக் கம்பனிகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. பெல் கம்பனி கவனியாது விட்ட சிற்றூர்களிலும் பண்ணைப் பிரதேசங்களிலும் அவை கம்பி இழுத்தன. பெருநகர்களிலே பெல்லோடு நேர்நின்று போட்டியிட்டன. கட்டணம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எத்தனையோ அமெரிக்க நகரங்களில் ஒரே தெருவிலே இரண்டு கம்பனிகளின் கம்பங்கள் நின்றன. வீட்டுக்காரர் ஒருவர் தமக்கு வேண்டிய கம்பனியைத் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலை உண்டாயிற்று.

ஆனால் அந்தத் தெரிவில் ஒரு பெருங் குறை இருந்தது. ஒரு கம்பனியின் சந்தாதாரர் மற்றக் கம்பனியின் சந்தாதாரரோடு பேச முடியாது. பெல் கம்பனி தன் கம்பிகளைப் போட்டிக் கம்பனிகளின் கம்பிகளோடு இணைக்க மறுத்தது. சுயேச்சைக் கம்பனிகளிலும் பல அந்த இணைப்பை விரும்பவில்லை. ஆதலால் நகரத்து மளிகைக் கடைக்காரர் இரண்டு தொலைபேசிகளை வைத்திருக்க வேண்டியவரானார். வைத்தியருக்கும் அவ்வாறே, நோயாளி எந்தக் கம்பனியின் வீட்டிலிருந்து கூப்பிடுவார் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. "இரு தொலைபேசிகளும் உண்டு" என்று விளம்பரங்களிலே அச்சிடுவது அக்கால வழக்கம். வசதி குறைந்த குடும்பத்தவருக்கோ இரண்டுக்கும் பணம் கட்டுதல் இயலாது. அவர்கள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அங்ஙனம் தெரிந்தெடுக்கையில் எந்தக் கம்பனி மலிவானது என்பதைப் பார்க்கிலும், அடிக்கடி பேசவேண்டிய உறவினரும், கடைக்காரரும், வைத்தியரும் எந்தக் கம்பனியில் இருக்கிறார்கள் என்பதையே அவர்கள் நோக்கினர். ஓர் உறவினர் மறுபக்கம் போனால் அவரோடு மற்றையோரும் போக வேண்டும். எல்லாரும் ஒருமித்துப் போவது நடவாது. ஆகவே மனக்குறையோடு இருந்த இடத்திலேயே இருந்தோர் பலர். போட்டி இருந்தது, தெரிவு இருந்தது, சுதந்திரம் மட்டும் பாதியாக இருந்தது.

இந்த நிலையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டவர் தியோடோர் வெயில் என்பவர். 1907ஆம் ஆண்டில் பெல் நிறுவனங்களின் தாய்க் கம்பனிக்கு மீண்டும் தலைவராக வந்த அவர், 1908 தொடக்கம் ஒரே கொள்கை, ஒரே அமைப்பு, எல்லார்க்கும் சேவை என்ற முழக்கத்தை விளம்பரங்களின் வாயிலாகப் பரப்பினார். எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டுமாயின் நாடு முழுவதற்கும் ஒரு கம்பனியே இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். 1913ஆம் ஆண்டு டிசம்பரிலே அரசாங்கத்தின் வழக்குக்கு அஞ்சிய அக்கம்பனி, கிங்ஸ்பரி உறுதிமொழி என்று பெயர்பெற்ற கடிதத்தின் மூலம் சில சலுகைகளை அளித்தது: தந்திக் கம்பனியைக் கைவிடுதல், போட்டிக் கம்பனிகளை எண்ணம்போல் வாங்காதிருத்தல், சுயேச்சைக் கம்பனிகளைத் தனது நெடுந்தூரக் கம்பிகளோடு இணைய விடுதல் என்பனவே அவை. ஒரே நகரத்துக்குள் போட்டியிடும் இரு இணைப்பகங்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்ற கட்டளை மட்டும் அதில் இடம்பெறவில்லை. 1921இல் நிறைவேறிய வில்லிஸ்–கிரஹம் சட்டம் போட்டிக் கம்பனிகள் ஒன்றாவதற்கு வழிவிட்டது. இரட்டைத் தொலைபேசிகள் படிப்படியாக மறைந்தன. மாற்றலாமா என்ற கேள்விக்கே இடமில்லாது போயிற்று.

வெயிலின் வாதத்தில் ஒரு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எட்டமுடியாத தொலைபேசியால் எவருக்கும் பயனில்லை. மறுபாதி தவறானது. கம்பனிகள் பலவாக இருக்கவும் கம்பிகள் ஒன்றாகப் பொருந்தவும் செய்யச் சட்டத்தினால் முடியும். இரண்டு தபாற் பகுதிகளுக்கிடையே கடிதம் நாடு கடந்து செல்வதை ஒவ்வொரு நாளும் கண்ட மக்கள், தொலைபேசிக்கும் அவ்வாறு ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று அப்பொழுது வற்புறுத்தாதது வியப்புக்குரியது. அதற்காக அவர்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் காத்திருந்தனர்.

1984ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, நீதிபதி ஹரோல்ட் கிரீனின் மேற்பார்வையில், அப்பெருங் கம்பனி பிரிக்கப்பட்டது. உள்ளூர்ச் சேவை ஏழு பிரதேசக் கம்பனிகளிடம் சென்றது. நெடுந்தூரச் சேவையில் பலர் போட்டியிடலாயினர். அதற்கு முன்னரும் எம்.சி.ஐ. போன்ற கம்பனிகள் மலிவான நெடுந்தூரச் சேவையை அளித்தே வந்தன. ஆயின் அவற்றைப் பயன்படுத்துவோர் முதலில் ஓர் உள்ளூர் எண்ணையும், பின்னர் இரகசியக் குறியீட்டையும், அதன் பின்னரே வேண்டிய எண்ணையும் சுழற்ற வேண்டியிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட இலக்கங்களைச் சுழற்றும் பொறுமை எல்லார்க்கும் உண்டோ? புதிய ஏற்பாட்டின்படி இந்த வேற்றுமை நீக்கப்பட்டது. 1984 ஜூலையில் மேற்கு வெர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் தொடங்கி, ஊர் ஊராக வாக்குச்சீட்டுப் போன்ற படிவங்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. சந்தாதாரர் தமக்குரிய நெடுந்தூரக் கம்பனியைக் குறித்து அனுப்ப வேண்டும். பலர் ஒன்றையும் குறித்தனுப்பவில்லை. ஒரு தலைமுறைக்கு மேலாகத் தெரிவே இல்லாது வாழ்ந்தவர்களிடம் திடீரெனத் தெரிவைக் கொடுத்தால் அவர்கள் மலைத்து நிற்பது இயல்பே.

எண்ணின் கதை இதற்குப் பின்னர்தான் தீர்ந்தது. உள்ளூர்க் கம்பனியை மாற்றினால் எண்ணையும் இழக்க நேரும் என்பதனால், எண் கம்பனியின் சொத்தா, அதனை வைத்திருப்பவரின் உரிமையா என்ற வழக்கு எழுந்தது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், சந்தாதாரர் தமது எண்ணைப் புதிய கம்பனிக்குக் கொண்டுசெல்ல இடமளிக்க வேண்டும் என்று விதித்தது. கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் நெடுநாள் எதிர்த்தமையால் அவற்றுக்கு அவ்விதி 2003 நவம்பர் 24ஆந் திகதியே நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் 1997இலும், பாகிஸ்தானில் 2007இலும் இவ்வசதி தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20ஆந் திகதி நாடெங்கும் பரவியது. அங்கே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, சிறு கட்டணம் செலுத்தினால், எண் மாறாமல் கம்பனி மாறும். கம்பனியார் அதுவரை கட்டணத்தினால் மட்டுமன்றி எண்ணினாலும் வாடிக்கையாளரைக் கட்டிவைத்திருந்தனர் என்பது, கட்டு அவிழ்ந்தபோதுதான் வெளிப்பட்டது.

இலங்கையிலோ தொலைபேசி நெடுங்காலம் அரசாங்கத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த குடும்பங்கள், கிடைத்ததை மாற்றுவதைப் பற்றிக் கனவிலும் எண்ணியிரா. 1989இல் செல்டெல் தனது கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. தெற்காசியாவில் அதுவே முதலாவது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கிப் புதிய காலத்தைத் திறந்தது. மொபிடெல், டயலொக் முதலியன பின்னர் வந்தன. 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரு கம்பனிகள் கம்பியில்லா முறையில் வீட்டுத் தொலைபேசி வழங்க அனுமதி பெற்றன. இம்முறை கம்பனிகளின் இணைப்புகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன; இரட்டைத் தொலைபேசிக் காலத்து மளிகைக் கடைக்காரர் பட்ட பாடு இங்கு எவர்க்கும் நேரவில்லை. ஆயினும் எண்ணிலேயே கம்பனியின் முத்திரை பொறிக்கப்பட்டது. 071 என்றால் மொபிடெல், 077 என்றால் டயலொக், 078 என்றால் ஹட்ச் என்று சிறுவரும் சொல்லுவர். வீட்டுத் தொலைபேசியிலும் பிரதேசக் குறியீட்டை அடுத்து வரும் இலக்கம் 2 ஆயின் ரெலிகொம் என்றும், 4 ஆயின் சன்டெல் என்றும், 5 ஆயின் லங்கா பெல் என்றும் அக்காலத்திற் கண்டுகொள்ள முடிந்தது. இணையம் வந்தபோது மின்னஞ்சல் முகவரியும் இவ்வழியே சென்றது. கம்பனியின் பெயரில் முடியும் முகவரியைக் கடிதத்தாளிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட வியாபாரிகள், பிறகு வேகமான இணைப்பு வேறிடத்திற் கிடைத்தபோதும் பழைய சந்தாவை விடத் துணியவில்லை.

வடக்கிலே இதற்கு வேறொரு பாரமும் உண்டு. 1990ஆம் ஆண்டிற்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு பல ஆண்டுகள் அற்றிருந்தது. பின்னர் இணைப்புக் கிடைத்த குடும்பங்கள் அவ்வெண்ணைக் கடிதங்களில் எழுதி இலண்டனுக்கும் தொரன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பின. எங்கெங்கோ சிதறியவர்களின் குறிப்புப் புத்தகங்களில் அந்த எண் இருக்கிறது. யார் யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டாரே முழுவதும் அறியார். அதனை மாற்றுவதால் மாதம் சில நூறு ரூபா மிஞ்சும் என்று இளையவர் கணக்குக் காட்டும்போது, மூத்தவர் மௌனமாக இருப்பதன் பொருள் இதுவே.

எண்ணை விடாது பற்றியிருந்தவர்கள் கம்பனியை மாற்றாது இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 072 என்று தொடங்கும் எண்ணைச் செல்டெல் காலத்திலே வாங்கிய ஒருவர், 2007இல் டிகோவின் வாடிக்கையாளரானார். 2010இல் எடிசலாட்டின் வாடிக்கையாளரானார். 2018இல் ஹட்ச் கம்பனியின் வாடிக்கையாளரானார். 2024இல் ஏர்டெல் டயலொக்கோடு இணைந்தபோது 075 என்ற எண்ணினரும் அவ்வாறே கைமாறினர். ஒருமுறையேனும் அவர்களை எவரும் கேட்டதில்லை. படிவத்தில் ஒப்பமிடுமாறு சொன்னதுமில்லை. எண் அப்படியே இருந்தது. பற்றுச்சீட்டின் தலைப்பிலே பெயர் மட்டும் மாறி வந்தது.