திருத்தி எழுதப்பட்ட பிரகடனம்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில் மாலை வேளையில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. நாளைக்கு ஆங்கில வகுப்பில் கட்டுரை கொடுக்க வேண்டும், என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாமும் நம் பள்ளி நாட்களை நினைத்துக்கொண்டு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். கட்டுரை என்பது தேர்வுக்குரிய ஒரு சடங்கு என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் கட்டுரைப் பயிற்சியும் ஒரு நாட்டின் அடிப்படை இலட்சியமும் பின்னிப் பிணைந்து வளர்ந்த வரலாறு அமெரிக்காவில் உண்டு. அதனை இங்கே காண்போம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். மகன் பள்ளியில் பயின்றது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. பன்னிரண்டாம் வயதில் தமையனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பெண்களுக்குக் கல்வி தகுமா என்பதைப் பற்றி நண்பர் ஒருவரோடு அவர் கடிதவழி வாதிட்டு வந்தார். அக்கடிதங்களைக் கண்ணுற்ற தந்தையார், எழுத்துப் பிழை இல்லை என்றாலும் நடையில் அழகும் ஒழுங்கும் போதவில்லை என்று சுட்டிக் காட்டினார். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் தைத்துவிட்டது.

இலண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் பத்திரிகையின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பார். சில நாள் கழித்து, நூலைப் பாராமல், குறிப்புக்களைக் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களில் மீண்டும் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சில வேளை குறிப்புத் தாள்களைக் கலைத்துப் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் சென்றபின் அவற்றை வரிசைப்படுத்த முயல்வதும் உண்டு. இப்பயிற்சிக்கு ஆசிரியர் தேவையில்லை. தமிழ் பேச மட்டும் தெரிந்து எழுதத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்து இதனைச் செய்து பார்க்கச் சொல்லலாம். பதினாறாம் வயதில் பிராங்க்ளின், ஒரு விதவைப் பெண்மணி எழுதுவது போல 14 கடிதங்களை எழுதினார். முதல் கடிதத்தை இரவில் அச்சுக்கூடக் கதவின் கீழே செருகி வைத்தார். எழுதியவர் தம் தம்பியே என்பதை அறியாமல் தமையனார் 1722-இல் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார்.

அந்தச் சிறுவர் எழுபது வயதை எட்டியபோது, பதின்மூன்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடியிருந்தார்கள். விடுதலைப் பிரகடனம் வரைய ஐவர் குழு அமைந்தது. பிராங்க்ளினும் அதில் இடம் பெற்றார். வரைவை எழுதியவர் 33 வயதான தாமஸ் ஜெஃபர்ஸன். 1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் சபையினர் அவ்வரைவை எடுத்துக்கொண்டு வரிவரியாக வெட்டலானார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பகுதி போயிற்று. எழுதியவர் முகம் சுருங்கி அமர்ந்திருப்பதைக் கண்டு, அருகிலிருந்த பிராங்க்ளின் ஒரு கதை சொன்னார். ஒரு தொப்பி வியாபாரி தம் கடைக்குப் பலகை எழுதினார். தம் பெயர், தொப்பி செய்பவர், ரொக்கத்துக்கு விற்பவர் என்பவற்றோடு ஒரு தொப்பிப் படமும் அதில் இருந்தது. நண்பர்களிடம் காட்டினார். ஒவ்வொருவரும் ஒரு சொல் மிகை என்று சொல்ல, இறுதியில் பெயரும் படமுமே எஞ்சின. கட்டுரையைப் பிறர் திருத்தக் கொடுத்தவர் யாவரும் இக்கதையின் உண்மையை அறிவர்.

ஆயினும் வெட்டுண்டவை எல்லாம் மிகைச் சொற்கள் அல்ல. அடிமை வாணிபத்தைக் கண்டித்து, அதற்கு இங்கிலாந்து மன்னரைக் குற்றம் சாட்டிய நீண்ட பத்தி ஒன்றும் நீக்கப்பட்டது. தென் கரோலினா, ஜார்ஜியா இரண்டின் மனம் கோணாதிருக்கவே இது நடந்தது என்றும், அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து விற்ற வடபகுதியாருக்கும் அப்பத்தி உறுத்தலாக இருந்தது என்றும் ஜெஃபர்ஸன் எழுதி வைத்தார். மாந்தர் அனைவரும் சமம் என்று எழுதிய அவரோ தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். நீக்கிய பத்தி இருந்திருந்தாலும் அது ஒருவரையும் விடுவித்திராது. பழியை மன்னர்மேல் சுமத்தும் பத்தி அது. எனினும் அச்சபை எதைச் சொல்ல அஞ்சியது என்பதை அந்த வெட்டு காட்டிவிடுகிறது.

அவ்வாறு வாசகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் பிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்தில் 1818-இல் அடிமையாகப் பிறந்தார். பால்டிமோரில் எசமானி அம்மாள் அவருக்கு அரிச்சுவடி தொடங்கி வைத்தாள். அடிமைக்கு எழுத்தறிவு வந்தால் அவன் அடிமையாக இரான் என்று எசமான் தடுத்துவிட்டார். தடுத்ததே பெரிய உபதேசமாயிற்று! தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றார். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகளில் தச்சர்கள் குறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினார். எசமானின் மகன் பள்ளியில் எழுதித் தள்ளிய பழைய காப்பி நோட்டுகளில், வரிகளுக்கிடையே எஞ்சிய வெற்றிடங்களில் அதே எழுத்துக்களைத் தாமும் எழுதினார். சுமார் பன்னிரண்டு வயதில் 50 சென்டு கொடுத்து ‘கொலம்பியன் ஆரேட்டர்’ என்னும் நூலை வாங்கினார். அது 1797-இல் வெளிவந்த பள்ளிப் பாடநூல், சொற்பயிற்சிக்காகத் தொகுக்கப்பட்டது. அதில் ஓர் அடிமையும் எசமானும் வாதிடும் உரையாடல் உண்டு. அடிமையின் வாதமே வெல்லுகிறது. எசமான் அவனை விடுவிக்கிறான். வெள்ளைப் பிள்ளைகள் பேச்சுத் திறனுக்காக ஒப்பித்த பாடம் அது.

1838-இல் தப்பி ஓடிய டக்ளஸ் 1845-இல் தம் வரலாற்றை நூலாக்கினார். அடிமையாயிருந்தவன் இவ்வளவு செம்மையாக எழுதுவானா என்று ஐயுறுவோர் இருந்த காலம். அதனால் அவரே எழுதியது என்ற குறிப்பும் நூலின் தலைப்பிலேயே இடம் பெற்றது.

1848-இல் நியூயார்க் மாநிலத்துச் செனெக்கா பால்ஸ் என்னும் ஊரில் பெண்கள் கூட்டிய மாநாட்டுக்கும் அவர் சென்றார். தமிழில் மாந்தர் என்றால் இருபாலாரும் அடங்குவர்; 1776-ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் ஆங்கிலச் சொல் ஆண்களை மட்டும் குறிப்பதாகவும் கொள்ளக்கூடியது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் பழைய பிரகடனத்தின் நடையையே எடுத்துக்கொண்டு, பெண்களும் என்ற சொல்லைச் சேர்த்து எழுதினார். 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டார்கள். வாக்குரிமைத் தீர்மானம் மிகையானது என்று அங்கேயே சிலர் தயங்கியபோது, அதற்காக எழுந்து பேசியவர் டக்ளஸ்.

நான்காண்டு கழித்து, 1852 ஜூலை 5-ஆம் நாள், ராச்செஸ்டர் நகரில் விடுதலை நாள் சொற்பொழிவு ஆற்ற அவரை அழைத்திருந்தார்கள். பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களை வீரர்கள் என்று போற்றினார்; பின்னர், இந்த விழா உங்களுடையது, என்னுடையது அன்று என்ற கருத்தைச் சபையின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் பிரகடனத்தை அவர் தள்ளிவிடவில்லை. அதன் கொள்கைகளிலிருந்தே தாம் நம்பிக்கை பெறுவதாகக் கூறி முடித்தார்.

அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் 1865-இல் நிறைவேறி அடிமை முறை ஒழிந்தது. பெண்களின் வாக்குரிமைக்கான திருத்தம் 1920-இல்தான் வந்தது. செனெக்கா பால்ஸில் கையொப்பமிட்ட நூற்றுவரில் அப்போது உயிரோடிருந்தவர் சார்லட் உட்வார்டு என்னும் மூதாட்டி ஒருவரே. தேர்தல் நாளன்று அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தமையால் வாக்களிக்க இயலவில்லை.