சாம்பல் பொழிந்த கடல்

பெரிய காஞ்சிபுரத்தில் வாழும் நமக்குக் கடல் கண்ணெதிரே இல்லை. எனினும் நம் ஊருக்குத் தெற்கே செல்லும் பாலாறு வாயலூரை அடுத்துக் கடலோடுதான் கலக்கிறது. நம் சந்தைக்கு வரும் கடல்மீனுக்கும் எல்லைக் கல் தெரியாது. கடலில் ஓரிடத்தில் இடப்பட்ட நஞ்சு எவ்வளவு தொலைவு செல்லும், எத்தனை காலம் நிற்கும் என்பதை மானிடம் 1954ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றையும், அதில் தமிழ் மண்ணின் முதியவர் ஒருவர் ஆற்றிய பணியையும் இங்கே நினைவுகூர விழைகிறோம்.

பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றுள் மிகப் பெரியது, 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு. 6 மெகாடன் ஆற்றலை எதிர்பார்த்தனர். வெளிப்பட்டதோ 15 மெகாடன். அது ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தூளாகிய பவளப்பாறை, கதிரியக்கம் ஏறிய வெண்சாம்பலாக வானிலிருந்து பொழிந்தது. ரோங்கெலாப் தீவின் குழந்தைகள் அது இன்னதென்று அறியாமல் அதில் விளையாடினர். அம்மக்கள் அங்கிருந்து அகற்றப்பட இரண்டு நாள்களாயின.

அன்று காலை, தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே நின்ற 'டாய்கோ ஃபுகுரியு மாரு' என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீதும் அச்சாம்பல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். படகின் வானொலித் தொடர்பை இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று தமது 40ஆம் வயதில் இறந்தார். அவ்வாண்டில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கொணர்ந்த சூரை முதலிய மீன்கள், ஏறத்தாழ 485 டன், கதிரியக்கம் கண்டதால் அழிக்கப்பட்டன.

பெருங்கடல் பரந்தது, நஞ்சு அதில் கரைந்து போகும் என்றே பொறுப்பிலிருந்தோர் கூறினர். ஆனால் ஜப்பான் அனுப்பிய 'ஷுன்கோட்சு மாரு' என்ற ஆய்வுக்கப்பல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கதிரியக்கத்தைக் கண்டது. நீரில் இருந்ததைவிட மிதவை நுண்ணுயிர்களில் அது பன்மடங்கு மிகுந்திருந்தது. நுண்ணுயிரைச் சிறுமீன் உண்ண, சிறுமீனைப் பெருமீன் உண்ண, நஞ்சு மனிதரின் உணவுவரை ஏறி வருகிறது. நெசவறிந்த நம் ஊராருக்கு இது எளிதில் விளங்கும். தொட்டியில் இட்ட சாயம் நீரோடு மறைந்துவிடுவதில்லை. நூலைத் தேடிப் பற்றிக்கொள்கிறது.

உயிருடலும் அந்நூலைப் போன்றதே. ஸ்ட்ரான்சியம் 90ஐச் சுண்ணாம்புச் சத்தென்று கொண்டு எலும்பு சேர்த்துவைக்கிறது. சீசியம் 137ஐப் பொட்டாசியம் என்று கொண்டு தென்னை உறிஞ்சிக் காயில் சேர்க்கிறது. இவை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 ஆண்டுகளாகும்.

ரோங்கெலாப் மக்களை, இனி அச்சமில்லை என்று கூறி 1957இல் திருப்பி அனுப்பினர். 1963 முதல் அவர்களிடையே தைராய்டுக் கட்டிகள் தோன்றின; சாம்பல் பொழிந்தபோது பத்து வயது நிரம்பாதிருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்நோய்க்கு ஆளாயினர். அன்று ஒரு வயதுக் குழந்தையாயிருந்த ஒருவன் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். 1985இல் அம்மக்கள் தாமே தீவை விட்டு வெளியேறினர். பிகினிக்குத் திரும்பியவர்களும், உடலில் சீசியம் மிகுந்தமையால் 1978இல் மீண்டும் அகற்றப்பட்டனர். அங்கே பவளங்கள் மறுபடி தழைத்துள்ளன என்பது ஆறுதலே. ஆயினும் முன்பு இருந்தவற்றுள் 28 இனங்களைக் காணவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. தந்தையரின் பாவம் பிள்ளைகளைச் சேருமோ என்பது விவிலிய மக்களின் பழைய அச்சம். இங்கோ, முகமறியாத அந்நியரின் செயல் பிள்ளைகளைச் சேர்ந்தது.

இதைக் கண்டு உலகம் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. 1954 ஏப்ரல் 2 அன்று நேரு மக்களவையில், சோதனைகளை நிறுத்திவைக்குமாறு வேண்டினார். அதே மாதம் 18ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாச் செய்தியில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காற்றும் நிலமும் கடலும் நெடுங்காலம் நஞ்சேறும் என எச்சரித்தார். 1956இல் டி. எஸ். கோத்தாரி முதலியோர் ஆய்ந்து எழுதிய அணுவெடிப்பு விளைவுகள் பற்றிய நூலை இந்திய அரசு நேருவின் முன்னுரையோடு வெளியிட்டது.

1962இல், 83 வயது நிரம்பிய இராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வாஷிங்டன் சென்றார். செப்டம்பர் 28 அன்று அதிபர் கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துமாறு முறையிட்டார். படையோ பதவியோ அவர் கையில் இல்லை. முதுமையும் மனச்சான்றுமே துணை. 1963 ஏப்ரலில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரின் 'அவனியில் அமைதி' சுற்றுமடல், தொடரும் சோதனைகளால் உயிரினங்களுக்கு நேரும் தீங்கைச் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில், வானிலும் நீரடியிலும் வெடிச்சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இது ஒருவரால் விளைந்ததன்று. ஆயினும் பல குரல்கள் சேர்ந்தபோது வல்லரசுகளும் செவிசாய்த்தன.

பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே இன்று கல்பாக்கம் அணுமின் நிலையம் நிற்கிறது. குண்டு வேறு, உலை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறி எளியோரை அஞ்சவைப்பது முறையன்று. எனினும் ரோங்கெலாப் மக்கள் இழந்தவற்றுள் முதலாவது உண்மையே என்பதை நாம் மறத்தலாகாது. தம் நிலத்திலும் உடலிலும் என்ன அளக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கடலை நம்பி வாழும் மீனவரும் அம்மீனை உண்ணும் நாமும், நீரிலும் மீனிலும் அளக்கப்படுவதை நமக்கு விளங்கும் தமிழில் கேட்டறிய உரிமை உடையோம். அவ்வுரிமையை அமைதியாகவும் இடைவிடாமலும் கேட்பது, படைப்பைப் பேணும் நம் கடமையின் ஒரு பகுதியாகும்.